'மாட்டேன்' என்னும் மழலை

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "யார் சாயல்?" என்பதுதான். மூக்கு தந்தையைப் போல, நெற்றி தாத்தாவைப் போல, நிறம் அம்மாச்சியைப் போல என்று ஆளுக்கு ஓர் உறுப்பைத் தத்தம் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்வர். குழந்தையும் மறுப்பொன்றும் சொல்லாது எல்லார் மடியிலும் மாறி மாறி உறங்கும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இவ்வாறு கழியும். பின் ஒரு நாள் காலையில், சட்டையை மாட்டிவிடத் தாய் குனிவாள். "மாட்டேன்" என்று சொல்லிக் குழந்தை ஓடும். ஊட்டப் போனால் வாயை இறுக மூடும். தூக்கினால் உடலை வில்லாக வளைத்து நழுவி இறங்கும். நேற்றுவரை பூனைக்குட்டிபோல் தோளில் கிடந்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று தாய் திகைப்பாள். "கண் பட்டிருக்கும், சுற்றிப் போடு" என்பார் ஒருவர். "இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்" என்பார் மற்றொருவர்.

அன்புக்குரிய பெற்றோரே! குழந்தைக்கு நேர்ந்தது நோயும் அன்று, கண்ணேறும் அன்று. உங்கள் இல்லத்தில் ஓர் ஆள் எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு வயது இரண்டு. அவருக்கென்று ஒரு விருப்பு, ஒரு வெறுப்பு, ஒரு வேகம் உண்டு. அவரை அறிந்துகொள்வதா, அடக்கிவிடுவதா என்பதே இப்பருவத்தில் பெற்றோர்முன் நிற்கும் கேள்வி. அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

ஏட்டில் இனிக்கும் குறும்பு

தமிழர் குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர்கள். வள்ளுவர் மக்கட்பேற்றுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் மன்னன். உண்கலத்தில் கையிட்டுச் சோற்றைச் சிதறும் சிறு குழந்தையை அவன் பாடுகிறான். நாடாளும் வேந்தனுக்கும் தன் செல்வத்தினும் பெரிதாகத் தோன்றியது, சோறு அப்பிய அந்தச் சிறு கை.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழைப் பாடினார். அவ்வகை நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றன. கைகளை ஊன்றித் தலையை அசைத்தாடும் செங்கீரை, அமர்ந்து கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை என வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவம் உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருகிறான். அழிக்க வேண்டா என்று அவர்கள் கெஞ்சுகின்றனர். குறும்பும் வளர்ச்சியின் ஒரு படியே என்று கண்டு, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினர் நம் புலவர். ஏட்டில் படிக்கும்போது இனிக்கின்ற இக்குறும்பு, நம் அடுப்பங்கரையில் மாவு டப்பாவைக் கவிழ்க்கும்போது மட்டும் நமக்குக் கசந்துபோகிறது.

உடலின் வளர்ச்சி

மருத்துவ அறிவு கூறுவதையும் காண்போம். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை, ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது. அதன்பின் எடை ஏறும் வேகம் தணிகிறது. பசியும் அதற்கேற்பக் குறைகிறது. "முன்போல் உண்ணவில்லையே" என்று அன்னையர் தட்டும் கையுமாகப் பிள்ளையைத் துரத்துவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். உடலின் வேகம் தணிந்தாலும் மூளை ஓயவில்லை. இரண்டு வயதுக்குள் அது வளர்ந்தோரின் மூளையளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது.

நடை பழகுவதில்தான் எத்தனை போட்டி! எதிர்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்துவிட்டது என்று கேட்டு உறக்கம் இழந்த தாயர் பலர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமிக்க குழந்தைகளை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் 8 மாதத்திலிருந்து ஏறத்தாழ 18 மாதம் வரை விரிந்திருப்பதை அது காட்டிற்று. பத்தில் நடந்த பிள்ளையும் பதினாறில் நடந்த பிள்ளையும் பள்ளிக்குச் செல்லும் நாளில் ஒரே தெருவில் சேர்ந்தே ஓடும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக, இன்று சிற்றூர்களிலும் அங்கன்வாடிகள் உள்ளன. குழந்தையை எடையிட்டு அட்டையில் குறிக்கின்றனர். எப்போது தவழும், எப்போது பேசும் என்ற விவரமும் பெற்றோர் கையில் கிடைக்கிறது. இவையெல்லாம் நன்று. ஆயினும், இந்தக் குழந்தை யார் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. அதனைப் பெற்றோர்தாம் பார்த்து அறிய வேண்டும்.

'நான்' பிறக்கும் நாள்

1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்னும் ஆய்வாளர், குழந்தைகளின் மூக்கில் அவர்கள் அறியாமல் சிவப்புப் பொட்டு ஒன்றை இட்டுக் கண்ணாடி முன் நிறுத்திய ஆய்வை வெளியிட்டார். ஓராண்டு நிரம்பாத குழந்தை கண்ணாடியில் தெரிவது வேறொரு பிள்ளை என்று எண்ணிச் சிரித்தது. 20 மாதம் கடந்தவருள் பெரும்பாலோர் அதில் தெரிவது தாமே என்று அறிந்துகொண்டனர். பொட்டிருக்கும் தம் மூக்கையே தொட்டனர்.

இந்த மாற்றத்தைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. வீட்டில் செவிசாய்த்தால் போதும். முதலில் குழந்தை தன்னைப் பிறர் அழைக்கும் பெயராலேயே குறிக்கும். "பாப்பாவுக்குப் பால்" என்னும். சில மாதம் சென்று "எனக்கு" என்னும். அதன் பின்னாலேயே "என்னோடது" வரும். கூடவே "மாட்டேன்" வரும். இவை ஒரே வேரில் கிளைத்தவை. தான் ஒருவன் உண்டு என்று அறிந்த குழந்தைக்கு, தன் விருப்பம் அன்னையின் விருப்பத்தினின்று வேறாக இருக்கலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை அது சோதித்துப் பார்க்கிறது. உணவை விரும்பியபோதும் "வேண்டாம்" என்று சொல்லிப் பார்ப்பது இதனால்தான்.

திருமுழுக்கு அளிக்கும்போது, குழந்தைக்கு என்ன பெயரிடுகிறீர்கள் என்றே குரு பெற்றோரை முதலில் வினவுகிறார். ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது, அவர் இன்னொருவரின் படியன்று, தனித்த ஒருவர் என்று ஏற்பதாகும். கோயிலில் வாயால் ஏற்றதை வீட்டில் வாழ்வால் ஏற்கும் காலம் இரண்டாம் வயதில் வருகிறது.

ஓர் ஆசிரியரின் குறிப்பேடு

கொடைக்கானல் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழும் ஆசிரியர் ஒருவரை அறிவேன். கணிதம் கற்பிப்பவர். எதையும் அளந்து குறித்து வைக்கும் இயல்பினர். மூத்தது மகன், இளையது மகள். மகள் பிறந்த நாள்முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவளைப் பற்றி எழுதி வந்தார். அவருடைய இசைவோடு சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

14 மாதம்: "நடக்கிறாள். விழுந்தால் முதலில் சுற்றிலும் பார்க்கிறாள். எவரும் பார்க்கவில்லை என்றால் அழாமல் எழுகிறாள்."

17 மாதம்: "வாசலில் செருப்புகளை இணை சேர்த்து வைக்கிறாள். அப்பத்தாவின் செருப்பை நான் மாட்டினால் அழுகிறாள்."

19 மாதம்: "எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் குந்தியிருந்தாள். இவள் அண்ணன் இந்த வயதில் ஓரிடத்தில் இருந்ததே இல்லை."

21 மாதம்: "'பாப்பா தானே' என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பாதி இட்லி வாயில், பாதி மடியில்."

22 மாதம்: "வெளியார் வந்தால் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்கிறாள். அவர்கள் போனபின் அவர்கள் பேசியதை அப்படியே சொல்லிக் காட்டுகிறாள்."

தாம் பெற்ற குழந்தையை இவ்வாறு நோக்கி எழுதும் வழக்கம் புதியதன்று. இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின், 1839இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 1877இல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டேகால் வயதில் அச்சிறுவன் தன்னிடம் எஞ்சியிருந்த கடைசித் தின்பண்டத் துண்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டானாம். அதே இரண்டேகால் வயதில், தன்னைச் சினமூட்டியவர்மேல் கைக்குக் கிடைத்த பொருளை எடுத்து எறிவதிலும் வல்லவனாக இருந்தானாம். ஒரே பிள்ளை; ஒரே வயது; இரண்டு செயல். ஒன்றை மட்டும் கண்டு 'தங்கம்' என்பதும், மற்றொன்றை மட்டும் கண்டு 'சண்டி' என்பதும் நம் அவசரமே.

ஆசிரியர் 17ஆம் மாதத்தில் எழுதிய செருப்புச் செய்தி, மரியா மாண்டிசோரி அம்மையாரை எனக்கு நினைவூட்டிற்று. இத்தாலி நாட்டு மருத்துவரான இவ்வம்மையார் 1907 சனவரி 6ஆம் நாள் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1939இல் தம் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த அக்காலத்தில் நம் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளிடையே பணி செய்தார்.

அம்மையார் கண்ட நிகழ்ச்சி ஒன்று: ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிச் சென்ற ஒரு தாய், வெயில் தாளாமல் தம் மேலங்கியைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது. எவர் தேற்றியும் ஓயவில்லை. மேலங்கியைத் திரும்ப அணிந்துகொள்ளும்படி மாண்டிசோரி கூறினார். தாய் அணிந்தவுடன் அழுகை நின்றது. அங்கியின் இடம் தோள் என்று குழந்தை அறிந்திருந்தது. இடம் மாறியதை அதனால் தாங்க முடியவில்லை. உலகம் இன்னதென்று இப்போதுதான் அறிந்துவரும் குழந்தைக்கு, பொருள்கள் தத்தம் இடத்தில் இருப்பதே தரைபோல் உறுதி தருகிறது. அப்பத்தாவின் செருப்பு அப்பத்தாவின் காலில் இருக்க வேண்டும் என்று அழுத சிறுமிக்கும் நேர்ந்தது அதுவே. நாம் பிடிவாதம் என்று பெயரிடுவதில் பாதி இத்தகையது.

விருந்து வீட்டில் நேர்ந்தது

அச்சிறுமிக்கு இரண்டு வயது நிறைந்த சில நாள்களில், உறவினர் வீட்டுப் புதுநன்மை விருந்துக்குக் குடும்பமாகச் சென்றனர். பந்தலும் ஒலிபெருக்கியும் கூட்டமுமாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்த பெரியப்பா, அன்பு மிகுதியால் அவளை வாரித் தூக்கினார். அவள் அலறினாள். "என்னைத் தெரியாதா உனக்கு?" என்று அவர் இன்னும் இறுக அணைத்தார். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தனர். அவள் அவருடைய மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். "பிள்ளை வளர்த்த இலட்சணம் இதுதானா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழுந்தது. தந்தை எழுந்து வந்தார். அத்தனை பேர் முன்னிலையில் மகளின் கன்னத்தில் அறைந்தார்.

அன்றிரவு நோட்டில் தேதியும் ஒரு வரியும் மட்டும் உள்ளன: "இன்று அடித்தேன்." அதன்பின் மூன்று வாரம் எழுத்தில்லை. அடுத்த குறிப்பு இது: "அலமாரியின் மேல்தட்டிலிருந்து பேனாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். கீழே நின்றவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்."

அந்த வாரத்தில்தான் அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "பாதர், இவளுக்கு இருப்பது பிடிவாதமா, பயமா? மூத்தவன் யார் கூப்பிட்டாலும் போவான். இவளை ஊமை என்கிறார்கள், மந்தம் என்கிறார்கள். என் தாயாரோ மருமகள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார். அவள் அடுப்படியில் நின்று அழுகிறாள்" என்றார். பேசும்போது அந்த நோட்டைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விதையிலேயே உள்ள வேறுபாடு

அமெரிக்காவில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தனர். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குக் குழந்தை இயல்பு வேறுபடுவதை அவர்கள் கண்டனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குகிறவர்கள். புதிய உணவு, புதிய முகம் எதையும் மலர்ச்சியோடு ஏற்பர். ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் உறக்கத்திலும் உணவிலும் ஒழுங்கு அமையாமல், எதற்கும் உரக்க அழுது எதிர்ப்பவர்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுகிறவர்கள். புதியதைக் கண்டால் முதலில் பின்வாங்குவர், ஒதுங்கி நின்று பார்ப்பர், நேரம் கொடுத்தால் தாமாகவே நெருங்குவர். எஞ்சியோர் எவ்வகையிலும் முழுமையாக அடங்காதவர்கள்.

பிள்ளையிடம் குறை கண்டால் தாயைப் பழிக்கும் வழக்கம் அக்காலத்தில் அந்நாட்டிலும் மிகுந்திருந்தது. இவ்விருவரும் அதனை மறுத்தனர். பிள்ளையின் இயல்பு தாய் செய்த தவறன்று. அந்த இயல்புக்கும் வீட்டார் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருந்தால் பிள்ளை செழிக்கிறது. பொருத்தம் இல்லாவிட்டால் துன்புறுகிறது. இதுவே அவர்கள் கண்ட முடிவு.

உழவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கீரை மூன்று வாரத்தில் பறிப்புக்கு வரும். தென்னை பல ஆண்டு காக்க வைக்கும். கீரையைப் போல் ஏன் வளரவில்லை என்று தென்னங்கன்றைப் பிடுங்கிப் பார்க்கும் உழவர் எவருமில்லை.

ஆசிரியரின் மகள் மெல்லப் பழகும் பிள்ளை. அவருடைய நோட்டே அதற்குச் சான்று. எறும்புச் சாரையைக் கால் மணி நேரம் பார்த்தவள் மனிதரையும் அவ்வாறே பார்க்கிறாள். வந்தவர் பேச்சை அவர்கள் போனபின் அப்படியே சொல்லிக் காட்டுகிறவள் ஊமையும் அல்லள், மந்தமும் அல்லள். நெருங்குவதற்குமுன் அவளுக்குச் சிறிது நேரம் வேண்டும், அவ்வளவுதான். விருந்து வீட்டில் அவளுக்கு மறுக்கப்பட்டது அந்த நேரமே.

அடுத்த பங்குத் திருவிழாவுக்கு அதே பெரியப்பா அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. "அண்ணே, வந்தவுடன் பிள்ளையைத் தூக்க வேண்டாம், அவளாக வரட்டும்" என்று ஆசிரியர் முன்னதாகவே தொலைபேசியில் சொன்னார். பெரியவருக்கு முதலில் மனத்தாங்கல்தான். எனினும் வந்தார், நாற்காலியில் அமர்ந்து, அவளைப் பாராதவர்போல் பேசிக்கொண்டிருந்தார். அவள் முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு வாசற்படிக்கு வந்தாள். பிறகு நாற்காலியின் கால் அருகே வந்து அமர்ந்தாள். இறுதியில், தன் கையில் வைத்திருந்த புளியங்கொட்டை ஒன்றை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவரும் ஒன்றும் பேசாமல் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைய குறிப்பு: "50 நிமிடம் ஆயிற்று. தானே வந்தாள்."

வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு

"அப்படியானால் கண்டிப்பே வேண்டாவா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சிலர் வினவக்கூடும். நல்ல கேள்வி. பழமொழி வளைக்கச் சொல்கிறது, ஒடிக்கச் சொல்லவில்லை. இளங்கொடிக்குப் பந்தல் வேண்டும். ஆனால் பந்தலிடுகிறவர் கொடியின் போக்கை முதலில் பார்க்கிறார்.

கிணறு, அடுப்பு, சாலை, மின்கம்பி இவற்றின் அருகே "கூடாது" என்பது கூடாதுதான். அங்கே பேரம் இல்லை. விதிகள் சிலவாகவும், நாளுக்கு நாள் மாறாதனவாகவும் இருக்கட்டும். தாய் மறுத்ததைப் பாட்டி கொடுப்பதும், தந்தை மறுத்ததை அழுகைக்கு அஞ்சித் தாய் கொடுப்பதும் பிள்ளையைக் குழப்பும். வீட்டிலுள்ள பெரியவர்கள் இதில் ஒருமனப்படுவது முதற் கடமை.

மற்றவற்றில் சிறிது விட்டுக்கொடுங்கள். "சட்டை போடு" என்றால் "மாட்டேன்" என்னும் பிள்ளை, "சிவப்பா, நீலமா?" என்று கேட்டால் ஒன்றைத் தொடும். சட்டை போடுவது உங்கள் விருப்பம். நிறம் அதன் விருப்பம். இருவருக்கும் பங்கு கிடைத்துவிடுகிறது. தானே உண்பேன் என்றால் கீழே ஒரு தாளை விரித்துவிட்டுக் கரண்டியைக் கொடுங்கள். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால் இந்தப் பொறுமை எளிதாகும்.

தரையில் விழுந்து புரண்டு அழும்போது அறிவுரை பயன் தராது. உணர்ச்சியை அடக்கும் மூளைப்பகுதி இருபது வயது கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. இரண்டு வயதில் அது தொடக்க நிலையில்தான் உள்ளது. அப்போது அடி விழுந்தால், அழுகை அச்சத்தில் உறைந்து நிற்குமேயன்றி அடக்கம் பிறக்காது. அருகில் அமைதியாக இருங்கள். அலை ஓய்ந்தபின் அணைத்துக்கொள்ளுங்கள். கேட்டதைக் கொடுக்க வேண்டுவதில்லை. விட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்கும் பழக்கம் இன்று குடிசையிலும் மாடியிலும் ஒன்றுபோல் பரவியுள்ளது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரைக்குள் எறும்பு ஊரலாம்; ஆனால் குழந்தை குந்தியிருந்து பார்க்கும்போது உடன் குந்தும் தந்தை அதில் இல்லை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூச்சம் வேறு, குறைபாடு வேறு. வீட்டில் கலகலவெனப் பேசி, வெளியாரிடம் மட்டும் ஒதுங்கும் பிள்ளையைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமலிருப்பது, ஒன்றரை வயதாகியும் விரலால் எதையும் சுட்டிக்காட்டாமலிருப்பது, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமலிருப்பது, பேசிய சொற்களை மறந்துபோவது ஆகிய இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். "இவன் அப்பனும் நான்கு வயதில்தான் பேசினான்" என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் இதற்கென மாவட்ட அளவில் மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. விரைந்து கண்டால் விரைந்து உதவலாம்.

உள்ளத்தில் இருத்தும் கலை

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் பிரிவில், தம் மகன் கூறியது மரியாவுக்கும் யோசேப்புக்கும் விளங்கவில்லை என்று காண்கிறோம். நாசரேத்துத் திருக்குடும்பத்திலும் பிள்ளை பெற்றோருக்குப் புதிராக நின்ற வேளை உண்டு. அப்போது அன்னை செய்தது ஒன்றே: நடந்தவற்றை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். விளங்காத பிள்ளையைத் தம் விருப்பத்துக்கு வெட்டித் திருத்த முற்படவில்லை, விளங்கும்வரை உற்றுநோக்கினார்.

பெற்றோரே, மூத்தவன் இளையவளுக்கு அளவுகோல் அல்லன். எதிர்வீட்டுப் பிள்ளையும் அல்லன். உங்கள் நிறைவேறாத ஆசையும் அளவுகோல் அன்று. உங்களிடம் வந்திருப்பவர் இதற்குமுன் இவ்வுலகில் வாழாத ஒருவர். இனியும் ஒருமுறை வரப்போகாத ஒருவர். அவரோடு அறிமுகம் செய்துகொள்ளும் காலம் மிகக் குறுகியது.

நாளைக் கடைத்தெருவுக்குச் செல்லும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரவில் பிள்ளை உறங்கியபின் கணவனும் மனைவியுமாக ஐந்து நிமிடம் அமர்ந்து, இன்று அது புதிதாகச் செய்தது என்ன, எதற்குச் சிரித்தது, எதற்கு "மாட்டேன்" என்றது என்று பேசி ஒரு வரி எழுதுங்கள். 'ஏன் இப்படிச் செய்கிறது?' என்ற சினத்தோடு தொடங்கும் வரிகள், சில வாரங்களில் 'இவள் இப்படிப்பட்டவள்' என்ற மகிழ்ச்சியோடு முடியக் காண்பீர்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் தாயோ தந்தையோ ஆகி, தன் மழலையின் "மாட்டேன்" கேட்டுத் திகைத்து நிற்கும்போது, அதனை எடுத்துக் கையில் கொடுங்கள்.